பெரியப்பாவின் பைப் லைட்டரும் அக்காவின் வெள்ளிக்கிழமை விளக்கும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கம்போல வீட்டில் ஆரம்பித்து, உலகத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி வீட்டுக்கே வருவேன். வகுப்பில் நான் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பூஜை அறையில் இருந்து 'சர்க், சர்க்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தீப்பெட்டி. எதிரே ஏற்றாத விளக்கு. தரையில் ஒடிந்தும் கருகியும் 11 குச்சிகள். எண்ணினேன். வாத்தியார் புத்தி.

அக்காவுக்கு 83 நடக்கிறது. விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிப் போய்விட்டன. தோசை திருப்புவதை விட்டாள், பூத்தொடுப்பதை விட்டாள். விளக்கை மட்டும் விடவில்லை.

"குடு அக்கா, நான் ஏத்தறேன்" என்றேன்.

"நீ ஏத்தினா அது நீ ஏத்தின விளக்குடா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே வார்த்தையை ஏறக்குறைய இதே தொனியில் 60 வருடங்களுக்கு முன்பு இன்னொருவர் வாயில் கேட்டிருக்கிறேன். அவர் எங்கள் பெரியப்பா. அவர் ஏற்ற நினைத்தது விளக்கு அல்ல, புகைக்குழாய்.



பெரியப்பா ரயில்வேக்காரர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. அதோடு சேர்ந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றார். வெள்ளைக்கார ஃபோர்மன் ஒருவரிடம் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டாராம். ஒன்று, அளவு பார்க்காமல் எதையும் அறுக்காதே. இன்னொன்று, பைப்.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்களோடு வந்து இருந்தார். அந்தக் காலத்து உத்திர வீதியில் ஒருவர் பைப் பிடிக்கிறார் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் கூடாது, திண்ணையில் கூடவே கூடாது. கொல்லைப்புறத்தில் கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதுதான் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். பெரியம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

இத்தனைக்கும் திருச்சிக்குப் புகையிலை புதிது இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உறையூரில் வீட்டுக்கு வீடு சுருட்டு சுற்றியது ஒரு காலம். திண்டுக்கல் பக்கத்து இலை இங்கே வந்து சுருட்டாகி, கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. ஆங்கிலேயர்கள் 'ட்ரிச்சினாப்பள்ளி' என்று நம் ஊர்ப் பெயரையே அந்தச் சுருட்டுக்கு வைத்துவிட்டார்கள். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு'தான். ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே 'இது ட்ரிச்சினாப்பள்ளி' என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். இங்கிலாந்தில் எழுதியவருக்கு நம் ஊர் சாம்பலின் நிறம் வரை தெரிந்திருக்கிறது!

சுருட்டுக்கும் பைப்புக்கும் நெருப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சுருட்டு ஒருமுறை பற்றினால் கொஞ்ச நேரம் தாங்கும். பைப் அப்படி அல்ல. புகையிலையை அடைக்க வேண்டும், ஒருமுறை பற்றவைக்க வேண்டும், மேலெழும்பி வருவதை அமுக்க வேண்டும், மறுபடி பற்றவைக்க வேண்டும். நடுவில் பேச ஆரம்பித்தால் அணைந்துவிடும். இன்னொரு தரம் பற்றவைக்க வேண்டும். பைப் பிடிக்கிறவருக்குப் புகையிலையைவிட நெருப்புதான் அதிகம் தேவை. பெரியப்பாவுக்கு ஒரு தீப்பெட்டி இரண்டு நாள் வந்தால் அதிகம்.

1962இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையிலும் பழைய பலம் இல்லை. எனக்கு அப்போது 10 வயது. கிணற்றடியில் அவர் தீப்பெட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் உரசுவதையும், பெட்டி நழுவி ஈரத்தில் விழுவதையும் பார்த்தேன். ஓடிப்போய் "நான் பத்த வெக்கட்டுமா பெரியப்பா?" என்றேன்.

"நீ பத்த வெச்சா அது உன் நெருப்புடா. எனக்கு என் நெருப்பு வேணும்" என்றார்.



இப்போது உங்களைக் கொஞ்சம் வகுப்புக்குள் கூட்டிப் போகிறேன்.

ஒரு கேள்வி. முதலில் வந்தது எது? தீக்குச்சியா, லைட்டரா?

தீக்குச்சி என்றுதான் எல்லோரும் சொல்வீர்கள். இல்லை. ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் 1823இலேயே ஒரு லைட்டர் செய்துவிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது பிளாட்டினத்தின் மேல் பட்டதும் பற்றிக்கொள்ளும். மேசை மேல் வைக்கிற அளவுக்குப் பெரியது. உரசினால் பற்றும் தீக்குச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் அதைக் கண்டுபிடித்து, 1827 ஏப்ரலில் விற்க ஆரம்பித்தார். காப்புரிமைகூட வாங்கவில்லை, பாவம்.

அதுவரை உலகம் என்ன செய்தது? நம் பாட்டிமார் செய்ததைத்தான் செய்தது. சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் உண்டு. ஆனால் அன்றாடத்துக்கு அது சரிப்படாது. அடுப்பில் தணலைச் சாம்பல் போட்டு மூடி விடியும்வரை காப்பாற்றுவது, அது அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு வறட்டியில் நெருப்பு வாங்கி வருவது, இதுதான் வழக்கம். நெருப்பு என்பது அண்டை வீட்டு உறவாக இருந்தது. கைக்குப் பலம் தேவையில்லை, பக்கத்து வீட்டோடு சண்டை இல்லாமல் இருந்தால் போதும்!

வாக்கருக்குப் பிறகு வந்த குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எங்கே தேய்த்தாலும் பற்றும். ஆனால் அது கொடிய விஷம். தொழிற்சாலையில் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்த சட்டம் 1913இல் வந்தது.

இன்று நாம் வைத்திருப்பது ஸ்வீடன்காரர்களின் மூளையில் உதித்த பாதுகாப்புத் தீக்குச்சி. பாஷ் என்பவர் 1844இல் வழிகாட்ட, லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்திப் பெரிய அளவில் செய்தார்கள். அதில் ஒரு தந்திரம். நெருப்புக்கு வேண்டியதை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் குச்சியின் தலையில். சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித்தூளும் பெட்டியின் பக்கவாட்டில். இரண்டும் உரசினால்தான் தீ.

பாதுகாப்பு வந்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது, கவனித்தீர்களா? முன்பு குச்சியைச் சுவரில் தேய்க்கலாம், செருப்பில் தேய்க்கலாம். ஒரு கை போதும். இப்போது ஒரு கை பெட்டியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை உரச வேண்டும். உரசுகிற வேகமும் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பற்றாது, கூடினால் ஒடியும். பாதுகாப்புத் தீப்பெட்டி இரண்டு நல்ல கைகள் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட பொருள். இரண்டும் நன்றாக இருக்கும்வரை நமக்கு அது தெரிவதே இல்லை.

நம் ஊர் தீப்பெட்டியின் கதையைச் சொல்லாமல் போனால் சிவகாசிப் பக்கத்து மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923இல் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதே 1923இல்தான் ஸ்வீடன் நிறுவனத்தின் 'விம்கோ'வும் இந்தியாவுக்கு வந்தது. ஒரு பக்கம் உலகத்தையே கையில் வைத்திருந்த பெரிய கம்பெனி, இன்னொரு பக்கம் மழை பொய்த்த கரிசல் பூமி. கரிசல் பூமி தோற்கவில்லை. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துப் பெண்களின் கைகள்தான் அதற்குக் காரணம். இந்தக் கதையில் கைகள் திரும்பத் திரும்ப வரும், பாருங்கள்.



பெரியப்பா சும்மா இருக்கவில்லை. ஃபிட்டர் அல்லவா? முதலில் ஒரு கனமான மரக்கட்டையில் தீப்பெட்டியைப் பக்கவாட்டில் நிற்கிற மாதிரி தகடு வைத்து இறுக்கச் சொன்னார். அளவு அவர் சொல்ல, நான் வரைய, தெருக்கோடித் தச்சர் செய்து கொடுத்தார். இப்போது பெட்டியைப் பிடிக்க ஒரு கை வேண்டாம். பைப்பை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு, இடது கையால் உரசி, அப்படியே மேலே கொண்டுபோகலாம்.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாவது நாள் எரிகிற குச்சி விரலில் நிற்காமல் மடியில் விழுந்தது. வேஷ்டியில் ரூபாய் அளவு ஓட்டை. பெரியம்மா அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கிணற்றடிக்கு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. பானைத் தண்ணீரை எடுத்து அவர் மடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

பிறகுதான் லைட்டர் யோசனை வந்தது.

லைட்டரில் வரும் தீப்பொறிக்குப் பின்னாலும் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 'கல்' என்று கடையில் கேட்கிறோமே, அது உண்மையில் கல் இல்லை, உலோகக் கலவை. ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் உருவாக்கியது. சீரியம் முதலான அருமண் உலோகங்களோடு இரும்பைக் கலந்தது. சொரசொரப்பான சக்கரம் சுரண்டினால் பொறி பறக்கும். அந்த வெல்ஸ்பாக்தான் கேஸ் விளக்குக்கான வலையையும் கண்டுபிடித்தவர். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வருவார்களே, பெட்ரோமாக்ஸ், அதன் மேன்டில். மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் என்ற மணலில் இருந்து பிரித்தார்கள். பிரித்த பிறகு மிச்சமாகக் குவிந்த அருமண் உலோகங்களுக்கு என்ன உபயோகம் என்று தேடியதன் விளைவுதான் லைட்டர் கல்.

அந்த மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அங்கிருந்து போன தென்னை நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, இது மோனசைட் என்று கண்டுபிடித்தார். கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணல் ஒரு கடற்கரையின் தலையெழுத்தையே மாற்றியது. இன்றும் அங்கே இந்திய அருமணல் ஆலை இருக்கிறது.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் காலித் தோட்டா உறைகளில்கூட லைட்டர் செய்துகொண்டார்கள். ஆனால் அந்தக் கால லைட்டர்கள் பலவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். ஒரு கையால் மூடியைக் கழற்றி, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜ் பிளேஸ்டெல் என்பவர், நண்பர் ஒருவர் ஆஸ்திரிய லைட்டரோடு இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவதைப் பார்த்துத்தான், ஒரே கையால் திறந்து ஏற்றும் 'ஜிப்போ'வை 1932இல் வடிவமைத்தார் என்பார்கள். அதற்கும் முன்னால் 1926இல் 'ரான்சன்' கம்பெனி இன்னொரு வகையைக் கொண்டுவந்துவிட்டது. கட்டை விரலால் ஒரு பட்டையை அழுத்தினால் மூடி திறக்கும், சக்கரம் சுழலும், திரி பற்றும். விட்டால் மூடி விழுந்து அணைந்துவிடும். எல்லாம் ஒரே அழுத்தில்.

பெரியப்பாவுக்கு முதலில் வந்தது சக்கர வகை. சிங்கப்பூரில் இருந்த உறவினர் அனுப்பினார். பார்க்க அழகு. ஆனால் கட்டை விரலால் 'சட்'டென்று சுண்ட வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் பொறி வராது. பலவீனமான கைக்கு முதலில் போவது வேகம்தான். ஒரு வாரத்தில் விரல் தோல் கிழிந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயம் பொன்மலையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்தன. வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வீட்டில் பட்டை அழுத்துகிற வகை லைட்டர் ஒன்று கிடைத்தது. பெரியப்பாவின் பழைய சகா ஒருவர் வாங்கி வந்தார். சக்கரத்தைச் சுண்ட வேண்டாம். ஆனாலும் பட்டை கெட்டியாக இருந்தது. அழுத்திப் பார்த்தார், பாதிதான் இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கிணத்து ஏத்தம் பாத்திருக்கியோல்லியோ? கை பிடிக்கற இடம் எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவு பாரம் கொறையும். பேப்பர் பென்சில் கொண்டா."

முக்கால் அங்குலப் பட்டையின் மேல் இரண்டு அங்குலப் பித்தளைத் தகட்டைப் பற்றவைக்கச் சொல்லிப் படம் போட வைத்தார். நுனியைக் கொஞ்சம் குழிவாக வளைக்க வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. பணிமனைப் பையன் ஒருவர் செய்து கொண்டுவந்தார். இப்போது கட்டை விரலே வேண்டாம். லைட்டரைத் தொடை மேல் வைத்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தினாலே போதும், 'டக்'.

அந்த முதல் 'டக்'கின்போது அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பைப்புக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. திரி எரிகிற சுடர் மெத்தென்று இருக்கும். லைட்டரைச் சாய்த்துக் கிண்ணத்தின் வாய்க்கு மேலே பிடித்து மெதுவாக இழுத்தால், சுடர் வளைந்து உள்ளே போகும். இப்போது பைப்புக்கென்றே வரும் கேஸ் லைட்டர்களில் சுடர் பக்கவாட்டில் வருகிற மாதிரி செய்கிறார்கள். விரல் சுடாது. சீறிப் பாய்கிற ஜெட் சுடர் மட்டும் ஆகாது. கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும்.



இந்த இடத்தில் சில மாணவர்கள் என்னைக் கேள்வி கேட்பீர்கள். "சார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிகரெட் பிடித்தவனை எல்லாம் முட்டி போட வைத்தவர் நீங்கள். ஒருவர் புகைப்பதற்கு நீங்களே படம் வரைந்து கொடுத்தீர்களா?"

ஆமாம், கொடுத்தேன்.

பெரியப்பா 1965இல் காலமானார். கடைசி வருடம் இருமல் அவரைத் தூங்க விடவில்லை. பெரியம்மா ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அந்தத் தகட்டை நீ வரையாம இருந்திருந்தா, கை விழுந்ததோட அதுவும் நின்னிருக்கும்டா." திட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். 13 வயதுப் பையனுக்கு அது போதும். பிற்காலத்தில் வகுப்பில் புகையிலையைப் பற்றி நான் அத்தனை கடுமையாகப் பேசியதற்கு அதுதான் காரணம். இன்று வரை உங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் சொன்னதும் சரி. 'டக்' என்றபோது அவர் முகத்தில் நான் பார்த்ததும் பொய் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு 60 வருடம் ஓட்டிவிட்டேன். எது பெரிது என்று இன்னும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. புகையை யாரும் தொடாதீர்கள் என்பதை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்வேன்.



அக்காவுக்கு வருவோம். அவளுடையது பைப் இல்லை, பெருமாள் விளக்கு. எனக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கிடைத்த மாதிரி இருந்தது.

பெட்டியில் இருந்து பழைய லைட்டரைத் தேடி எடுத்தேன். கல் இல்லை, திரி மக்கிவிட்டது. ஆனால் பித்தளைத் தகடு அப்படியே இருந்தது. அக்கா கையில் கொடுத்தேன். கோணிய விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். இறங்கியது! பெட்ரோலைப் பூஜை அறைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. ஆனால் அந்த லைட்டர் எனக்கு மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, ஒரு கையால் முடிய வேண்டும். இரண்டு, விரல் நுனி இல்லாமல் உள்ளங்கையாலோ கையின் பக்கவாட்டாலோ முடிய வேண்டும். மூன்று, கையை விட்டால் தானே அணைய வேண்டும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தெப்பக்குளம் பக்கம் கடை கடையாக ஏறினேன்.

முதலில் சமையல் கேஸ் லைட்டர். எல்லார் வீட்டிலும் இருப்பது. பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டுபிடித்த தத்துவம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். உள்ளே ஒரு சுருள்வில் சுத்தியலை இழுத்துப் பிடித்து, ஒரு கட்டத்தில் விட்டு, படிகத்தின் மேல் அடிக்கும். 'டிக்' என்ற சத்தம் அதுதான். வில்லை அமுக்கக் கட்டை விரலுக்கு நல்ல பலம் வேண்டும். அதைவிட முக்கியம், அதில் வருவது பொறி மட்டும், சுடர் இல்லை. கேஸ் பற்றும், எண்ணெய்த் திரி பற்றாது.

அடுத்து, நீளக் கழுத்து கேஸ் லைட்டர், துப்பாக்கி மாதிரி விசை வைத்தது. சுடர் வரும். விசையை நான்கு விரலாலும் இழுக்கலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதை ஒரு விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டே விசையை இழுக்க வேண்டும். குழந்தைகள் கையில் பற்றக் கூடாது என்பதற்காக. நியாயம்தான். 1994இல் அமெரிக்காவில் சிகரெட் லைட்டர்களுக்கு இதற்கென்றே ஒரு விதி வந்தது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுத்துச் சோதித்தால், 100க்கு 85 பேராவது அதை ஏற்ற முடியாமல் தோற்க வேண்டும். ஆனால் 4 வயதுக் கை தோற்கிற இடத்தில் 83 வயதுக் கையும் தோற்கும். பாதுகாப்புத் தீப்பெட்டியில் நடந்ததே மறுபடியும் நடக்கிறது.

மூன்றாவது, சார்ஜ் ஏற்றுகிற மின்பொறி லைட்டர். செல்போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். கேஸ் இல்லை, சுடரும் இல்லை. நுனியில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு மின்பொறி தொடர்ச்சியாக ஓடும். கடைக்காரரிடம் சொல்லி, அழுத்துகிற பொத்தான் வைத்ததைத் தவிர்த்து, முன்னே தள்ளுகிற பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். தள்ளுவதற்கு விரல் நுனி வேண்டாம், கட்டை விரலின் பக்கவாட்டு போதும். விட்டால் நின்றுவிடும். விடாமல் பிடித்தாலும் சில வினாடிகளில் தானே நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். எண்ணெயில் ஊறிய திரி அந்தப் பொறியில் சட்டென்று பற்றவில்லை. அக்கா சிரித்தாள். "கற்பூரம் எதுக்கு இருக்கு?" என்றாள். திரியின் நுனியில் ஒரு துளி கற்பூரத்தை ஒட்டினாள். பொறியைக் காட்டியதும் 'குப்'பென்று பற்றி, திரியும் பிடித்துக்கொண்டது. டோபரைனரும் கியூரி சகோதரர்களும் சேர்ந்து செய்யாததை எங்கள் அக்கா செய்தாள்.

இன்னும் சில சின்ன மாற்றங்கள் செய்தோம். பிடி ஒல்லியாக இருந்தது. பழைய துண்டைக் கிழித்துச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் வளையம் போட்டுத் தடிமனாக்கினேன். வீங்கிய மூட்டுக்கு ஒல்லியான பொருளைப் பிடிப்பதுதான் கஷ்டம், தடிமனானது சுலபம். விளக்கைத் தரையில் இருந்து ஒரு மேடைக்கு மாற்றினோம். குனிய வேண்டாம், முந்தானையும் சுடருக்குப் பக்கத்தில் வராது. ஏற்றும்போது யாராவது ஒருவர் அறையில் இருப்பது என்று ஓர் ஒப்பந்தம். இருக்கலாம், உதவிக்கு வரக் கூடாது. அது அக்கா போட்ட நிபந்தனை.

ஒரு வருத்தம் மட்டும். 2007இல் 1 ரூபாயான தீப்பெட்டி, 14 வருடம் கழித்து 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. மலிவான லைட்டர்கள் வந்து தொழிலை நசுக்குகின்றன என்று அந்தப் பக்கத்து மக்கள் முறையிட்டு, 2023இல் 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது. அதனால் எங்கள் வீட்டில் தீப்பெட்டி வாங்குவதை நிறுத்தவில்லை. என் கைகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. இருக்கிறவரை உரசுவேன்.



போன வெள்ளிக்கிழமை அக்கா மேடை முன்னால் நின்றாள். நான் வாசற்படியில். பொத்தானைத் தள்ளினாள். முதல் தடவை கை நடுங்கி, பொறி கற்பூரத்தைத் தவறவிட்டது. நான் அசையவில்லை. இரண்டாவது தடவை பற்றியது. அவள் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். 83 வயதில் அந்த முகம், 1962இல் கிணற்றடியில் பார்த்த அதே முகம்.

இந்த முறை யாரும் என்னிடம் வந்து 'நீ செய்யாமல் இருந்திருக்கலாம்' என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு லைட்டரோ டப்பாவோ மாத்திரைப் பெட்டியோ எது வாங்கினாலும், ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கடைக்குக் கூட்டிப் போங்கள், அவர்கள் கையில் கொடுங்கள், பத்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நம் கைக்குச் சுலபமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் நாம் செய்கிற தவறு.

"நான் செஞ்சு தரேன்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர்கள் தானே செய்ய ஒரு வழி இருக்கிறதா என்று யோசியுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது உபாயம் செய்திருந்தால் எழுதுங்கள், அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த தாத்தாக்கள் இருக்கிற வீடுகளில் நிச்சயம் ஏதாவது ஒரு பித்தளைத் தகடு இருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
ஸ்ரீரங்கம்.